படகு வரும்வரை

குய்வஸ்து துறையில் பயணச்சீட்டு கிழிக்கிறவள் நான்.
முதுகுக்குப் பின்னால் ஓர் அலமாரி.
எடுத்துப் படிக்கலாம், கொண்டுபோகலாம்,
திருப்பித் தராவிட்டால் துரத்திக்கொண்டு வரமாட்டேன்.
எது நல்லது என்று மட்டும் கேட்காதீர்கள் என
முதல் வருடம் எழுதி ஒட்டியிருந்தேன்.
கேட்டார்கள்.

சரித்திரமா, காதலா என்பார்கள்.
தேதி தெரிந்தால் சரித்திரம்,
தெரியாவிட்டால் காதல் என்பேன்.
சிரித்துவிட்டு இரண்டையும் எடுத்துப்போவார்கள்.

மீன் ஆலையிலிருந்து வரும் தைமிக்கு
தலையணை கனத்தில் வேண்டும்.
முந்நூறு பக்கத்துக்குள் யாரும் முத்தமிடக் கூடாது.
"சட்டுனு கிடைச்சா அதுக்கென்ன மரியாதை?"
அவள் படித்த நாவல்களை
கண்ணை மூடிக்கொண்டு மூக்கால் கண்டுபிடிப்பேன்.

அவளுக்குத் தந்தது மணி வார்ப்பவனின் கதை.
கொள்ளைநோய்க் காலம்.
செத்தவர்களுக்கு அடித்து அடித்தே
கோயில் மணி விரிசல் கண்டுவிடும்.
அதை மறுபடி வார்க்க
விதவை ஒருத்தி சமையல் பாத்திரங்களைச் சுமந்து வருவாள்.
முந்நூற்றுப் பதினாறாம் பக்கம்வரை
அவர்கள் பேசிக்கொள்வதெல்லாம்
செம்பின் எடையைப் பற்றித்தான்.
தைமி இரண்டு படகுகளைத் தவறவிட்டாள்.

பால் லாரி ஓட்டும் ஹெய்னோ வேறு ரகம்.
டிராக்டர் பழுதுபார்க்கும் கையேட்டின் அட்டையைக் கழற்றி
காதல் நாவலுக்குப் போர்த்துகிறவர்.
யாருக்கும் தெரியாதென்று நினைப்பு.
கார்புரேட்டர் பற்றிப் படித்துக் கண் துடைக்கும் மனிதரை
துறையே பார்த்திருக்கிறது.

பிறகு சீட்டுகள் முளைத்தன,
பழைய பயணச்சீட்டுகளின் முதுகில், பென்சிலில்.
'நாற்பதாம் பக்கம்வரை பொறுங்கள்,
எழுதியவருக்குக் குதிரைப் பைத்தியம்.'
'அழவேண்டியவர்கள் வீட்டில் வைத்துப் படிக்கவும்.'
'இந்தத் தளபதியை நம்பாதே.'
அதன் கீழே வேறு கையெழுத்து: 'நம்பு.'
அதற்கும் கீழே:
'நம்பினேன். பதினொரு வருடம்.'
அந்தச் சீட்டில் அப்புறம் யாரும் எழுதவில்லை.

ஒரு புத்தகத்தை மட்டும்
கேட்காதவர்களுக்கும் எடுத்து நீட்டுவேன்.
உறைந்த கடல்மேல் வழி தெரிய
சூனிப்பர் கிளைகளை நட்டுப்போகும் பெண்ணும்
படையைவிட்டு ஓடிவந்தவனும்.
பனி உருகத் தொடங்கும் மாலையில்
அவன் எதிர்க்கரையிலிருந்து புறப்படுகிறான்.
அடுத்து, கிழிந்த ஓரம்.
'கடைசிப் பக்கத்தை எடுத்துவிட்டேன்.
இங்கே நிறுத்தினால் அவன் நடந்துகொண்டே இருப்பான்.'

கையில் கிடைத்தால் கடித்துவிடுவேன் என்றாள் தைமி.
வேறு பிரதி வரவழைக்க முடியும்.
வரவழைக்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள்
படகு பனிக்கட்டியில் சிக்கி ஐந்து மணி நேரம்.
கூடத்தில் நாற்பது பேர், தீர்ந்துபோன காபி.
அந்த முடிவுக்குப் பேச்சு எப்படித் திரும்பியதோ,
ஆளாளுக்கு ஒரு கடைசிப் பக்கம் சொன்னார்கள்.
கல்யாணம் என்றாள் தைமி.
மூழ்கிவிட்டான் என்றான் பள்ளிக்கூடப் பையன் ஒருவன்,
கணக்கு விடை சொல்வதுபோல.
சுவரோரமாய் இருந்த ஹெய்னோ,
"அவ விளக்கோட நிக்கிறா. அவ்வளவுதான்.
யாரும் வந்து அவகிட்ட எதுவும் சொல்லல" என்றார்.

சரக்கு எண்ணும் லெய்தா
கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டி,
"ஆமா, அப்படித்தான் இருந்துச்சு" என்றாள்.
இருந்துச்சு என்றாள்.
நான் சில்லறையை எண்ணத் தொடங்கினேன்.
தைமியும் அவளைக் கடிக்கவில்லை.
அவள் பார்வை சுவரோரத்தில் இருந்தது.

அடுத்த வாரம் ஹெய்னோ
டிராக்டர் கையேட்டை அலமாரியில் வைத்துவிட்டுப் போனார்,
அதன் சொந்த அட்டையோடு.
கையில் நாவல், வெறும் முகத்தோடு.

நேற்று தூசி தட்டும்போது பிரித்தேன்.
கிளட்ச் அத்தியாயத்தில் ஒரு சீட்டு,
மீன் வாடையோடு:

'அவசரமில்லை.
முந்நூறு பக்கம் இருக்கிறது.'